ஏ1 என்றால் 91-க்கு மேல் என்று பொருளல்ல

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஏ1 கிரேடு வாங்கினால் 91-க்கு மேல் மதிப்பெண், ஏ2 என்றால் அதற்குக் கீழே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கு ஒன்பதாம் வகுப்புப் பள்ளி அறிக்கைக்குப் பொருந்தும். குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். பொதுத்தேர்வில் அப்படியில்லை. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ2 என்று தருகிறார்கள். எல்லோரும் மதிப்பெண்ணை அள்ளிக் குவிக்கும் பாடமாக இருந்தால் 93 எடுத்த பிள்ளைக்கும் ஏ2 வரலாம். பாவம், அதற்குப் போய்த் திட்டு வாங்கும்!

வாரியத்தின் இணையதளத்தில் உள்ள தேர்வு விதிகளில் இது இருக்கிறது. மதிப்பெண் சான்றிதழிலும் மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம், ‘பொசிஷனல் கிரேடு’ (வரிசையில் நிற்கும் இடத்தை வைத்துத் தரும் கிரேடு) என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும், பாருங்கள்.