நிலத்தை வாங்கிய பிறகு திட்டம் கேட்ட அரசு

வேல்ஸில், அஸ்க் ஆற்றங்கரையில் டாலிபாண்ட் என்ற சிற்றூரை ஒட்டியிருக்கும் ஜைல்ஸ்டோன் பண்ணையை 2022ஆம் ஆண்டு வேல்ஸ் அரசு 42.5 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் அதே பள்ளத்தாக்கில் 'கிரீன் மேன்' இசைவிழாவை நடத்துகிறவர்களுக்கு அதைக் குத்தகைக்கு விட்டு, அவர்களுடைய தொழில் வேல்ஸிலேயே வேரூன்றி வளரச் செய்வதே நோக்கமாக இருந்தது.

அந்த விழாமீது எனக்குக் குறை எதுவும் இல்லை. 2003இல் சிறிய அளவில் தொடங்கி, பெருநிறுவனங்களின் கைக்குப் போகாமல், இன்று 20,000 பேருக்கு மேல் கூடும் விழாவாக அது வளர்ந்திருக்கிறது. இத்தகைய தொழிலுக்கு அரசு கைகொடுப்பதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். என்னை வருத்துவது, உதவி செய்யப்பட்ட முறைதான். ஒரு சாதாரணக் குடும்பம் மனை வாங்கினால்கூட, அதில் என்ன கட்டலாம், அனுமதி கிடைக்குமா என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்கும். இங்கோ முழுமையான தொழில் திட்டம் அரசின் கைக்கு வருமுன்னரே, நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில், பொதுப்பணத்தில் நிலம் வாங்கப்பட்டுவிட்டது. விழா வழக்கமாக நடக்கும் கிளனஸ்க் தோட்டத்திலேயே தொடரும் என்றார்கள். அப்படியானால் சுமார் 240 ஏக்கர் பண்ணையில் என்ன நடக்கப் போகிறது என்று ஊரார் கேட்டது நியாயமான கேள்வி. விலைபேசும் முன்பே விடை சொல்லப்பட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

பிறகு பண்ணைக்கு அருகே, மீனைப் பிடித்துண்ணும் பருந்து போன்ற விராலடிப்பான் (osprey) பறவைகள் கூடு கட்டின. அவற்றைக் கூட்டில் தொந்தரவு செய்வது 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம் என்பதால், 2023இல் விழாக் குழுவினருக்குப் பண்ணையைக் கொடுக்கும் திட்டத்தை அரசு கைவிட்டது. பறவை வருமென்று யாரும் கணித்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் நிலம் என்பதும், ஓரத்தில் ஓடுவது இயற்கைப் பாதுகாப்புக்கு உட்பட்ட ஆறு என்பதும், ஆறு பெருகினால் கரையோர வயல்களில் தண்ணீர் ஏறும் என்பதும் வாங்கிய நாளிலேயே தெரிந்தவை. அனுமதிகள் கிடைத்தால் மட்டுமே கிரயம் என்று ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தால், திட்டம் முறிந்த அன்று மக்கள் பணம் மண்ணில் முடங்கியிருக்காது.

வேல்ஸ் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு இதைப் பற்றி விசாரித்ததை வரவேற்கிறேன். அந்தப் பணத்தை விழாவுக்கே மானியமாகவோ கடனாகவோ கொடுத்திருக்கலாம். அல்லது குத்தகைக்குப் பண்ணை தேடும் இளம் விவசாயிகளுக்காக வெளிப்படையாகவே நிலம் வாங்கியிருக்கலாம். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் நான் ஆதரித்திருப்பேன்.