அந்தச் சுவர் வீடியோவை இனி எனக்கு அனுப்பாதீர்கள்

பார்த்துவிட்டேன். மழையில் சாய்ந்த மண் வீட்டுச் சுவரை ஒரு தம்பி காட்டுகிற அந்த வீடியோவை வியாழக்கிழமை ராத்திரியே பார்த்துவிட்டேன். நான் மண் வீடு கட்டுகிறவன் என்பதால் அதற்குப் பிறகு இன்று காலை வரை 23 பேர் டேக் செய்திருக்கிறீர்கள், வாட்ஸப்பில் வந்தது தனிக் கணக்கு. எங்கள் குடும்பக் குரூப்பில் என் மச்சான் அதைப் போட்டு, கூடவே நாலு சிரிப்புப் பொம்மையும் "மாப்ள, உங்க மண்ணு மண்ணாப் போச்சே" என்று ஒரு வரியும் போட்டிருந்தார். என் மாமியார் அதற்குக் கைதட்டும் பொம்மை போட்டிருக்கிறார். தெரியாமல் விரல் பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

சரி, ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். அந்தச் சுவரைச் சாய்த்தது அதன் மேல் பூசிய சிமெண்ட். மண் சுவரின் மேல் சிமெண்ட் பூசக்கூடாது. இதைப் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றும் சொல்கிறேன்.

வீடியோவை அந்தத் தம்பி கிட்டப் போய்க் காட்டுகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பூச்சு ஒரே பாளமாக, கோழிவலையோடு சேர்ந்து, சுருட்டி எறிந்த பாய் மாதிரி கிடக்கிறது. மழை நின்று ஆறு மணி நேரம் ஆச்சு என்று அவரே சொல்கிறார். வாசல் தரை காய்ந்திருக்கிறது. சுவருக்குள் மட்டும் மண் களி மாதிரி இருக்கிறது, அவர் விரலை வைத்து அழுத்தினால் முதல் கணு வரை போகிறது. அதைக் காட்டிவிட்டு "பாத்தீங்களா மக்களே, இதுதான் இயற்கை வீடு" என்கிறார். தம்பி, வாசல் காய்ந்தபோது சுவர் ஏன் காயவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் உங்களுக்கு நல்ல வீடியோ கிடைத்திருக்கும். பார்வை குறைவாக வந்திருக்கும், அது வேறு.

மண் சுவர் தண்ணீர் குடிக்கும். அதை யாரும் மறுக்கவில்லை. அடியிலிருந்து கொஞ்சம் ஏறும், சாரலில் கொஞ்சம் வாங்கும், அடுப்படி ஆவியும் கொஞ்சம் போய்ச் சேரும். வெயில் வந்ததும் குடித்ததை வெளியே விட்டுவிடும். மண் பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ இருந்தால் ஈரம் அதன் வழியாகவே போய்விடும். சிமெண்ட் பூச்சு விடாது. அது இறுகினால் கல், மண்ணோ வெயிலுக்கும் ஈரத்துக்கும் கொஞ்சம் அசையும், அதனால் இரண்டும் ஒட்டி நிற்காது. ஒட்டாது என்று தெரிந்துதானே ஆணி அடித்துக் கோழிவலை கட்டுகிறீர்கள்? வலை கட்டினாலும் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வர வழி கிடையாது. மழைக்கோட்டுக்குள் வியர்த்தே நனைகிறவன் கதைதான். வெளியில் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிற்கும், உள்ளே இரண்டு மூன்று மழைக்காலமாக ஊறிக்கொண்டிருக்கும்.

போதாததற்கு அந்த வீட்டுக்கு இறவாணமே, அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரமே, இல்லை. தீப்பெட்டி மாதிரி எலிவேஷன் வேண்டும் என்று கேட்டிருப்பார்கள், கட்டியவரும் தலையாட்டியிருப்பார். பேஸ்மெண்ட் முழங்கால் உயரம்கூட இல்லை. நம்மூர் ஓட்டு வீட்டில் ஓடு ஏன் சுவரைத் தாண்டி மூன்று அடி நீட்டிக்கொண்டு நிற்கிறது, திண்ணை ஏன் கருங்கல்லில் இருக்கிறது என்றெல்லாம் யாருக்கும் கேள்வி வராது. ஃபோட்டோவுக்கு அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், நானே செய்த தப்பு என்பதால் தெரியும்.

2003. டிப்ளமோ முடித்து முதல் காண்ட்ராக்ட் எடுத்த திமிர். அக்கா கல்யாணம் வருகிறது என்று, சிவகங்கைப் பக்கம் இருந்த எங்கள் அம்மாச்சி வீட்டைச் சரிபண்ணக் கிளம்பினேன். ஒன்றரை அடி கனமுள்ள மண் சுவர். அம்மாச்சி அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே இருந்த சுவர். வெள்ளிக்கிழமைதோறும் அம்மாச்சி சாணி மெழுகும், பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிக்கும், மழை முடிந்ததும் அரித்த இடத்தில் செம்மண்ணைக் குழைத்து அப்பிவிடும். அவ்வளவுதான் பராமரிப்பு. நான் போய் எல்லாவற்றையும் கொத்திவிட்டு வலை கட்டி ஒன்றுக்கு ஆறு சிமெண்ட் கலவையில் பூசினேன். அப்பா கொத்தனார், காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் சுண்ணாம்பு வேலை பார்த்தவர். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுச் சுண்ணாம்பு அரைத்து, முட்டை வெள்ளைக்கருவில் மெருகேற்றத் தெரிந்தவர். அவர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "சுண்ணாம்பு வேண்டாமா?" நான் சிரித்தேன். "அதெல்லாம் இப்ப யாருப்பா போடுறா." அவர் மேற்கொண்டு பேசவில்லை, சாரத்தில் ஏறி எனக்காகச் சிமெண்டே பூசினார்.

அம்மாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, சுவரைக் கையால் தட்டிக் காட்டி, "என் பேரன் எனக்குக் காரை வீடு ஆக்கிக் குடுத்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வருடம் அடிப்பக்கம் உப்பியது. தட்டினால் டொப் டொப் என்று காலிப் பானைச் சத்தம். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி மேற்குச் சுவர் உட்கார்ந்துவிட்டது. அம்மாச்சி திண்ணையில் படுத்திருந்ததால் பிழைத்தது. ட்ரங்குப் பெட்டியும் அரிசிக் குதிரும் போயின. கடைசிவரை அது என்னைக் குறை சொல்லவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் "பழைய சுவருதானே, எத்தனை நாளைக்குத் தாங்கும்" என்றது. மச்சானுக்கு இந்தக் கதை தெரியும். தெரிந்துதான் அந்தப் பொம்மையைப் போட்டிருக்கிறார்.

சரி, கமெண்டில் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கரையான் வரும் என்பீர்கள். கரையான் தேடி வருவது மரத்தை. உங்கள் காங்கிரீட் வீட்டு நிலைக்கதவைத் தின்றது எது? அடுத்தது.

மண்ணில் மாடி கட்ட முடியுமா? ஏமனில் ஷிபாம் என்று ஒரு ஊர், 16-ஆம் நூற்றாண்டிலிருந்து சுடாத மண்கல்லில் ஆறேழு மாடி வீடுகள், யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பஸ் ஏறி ஆரோவில் போங்கள். அழுத்திய மண்கல்லில் கட்டிய விகாஸ் குடியிருப்பில் நாலு மாடி நிற்கிறது, பார்வையாளர் மையம் 90-களின் தொடக்கத்திலிருந்து கடலோர மழையில்தான் நிற்கிறது. மண்கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயமே உண்டு, ஐஎஸ் 1725, 2013-ல் அதைத் திருத்தினார்கள். மண்ணைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, மணல் எவ்வளவு களி எவ்வளவு என்று பார்த்து, மெஷினில் அழுத்தி, நாலு வாரம் ஈரம் காட்டி, நனைந்த கல்லை அழுத்தி உடைத்துப் பார்த்து, அப்புறம்தான் கட்ட வேண்டும். கண்மாய்க் கரையில் அள்ளி அப்படியே குழைத்து வைத்துவிட்டு, மேலே சிமெண்ட் அடித்து மூடினால் விழத்தான் செய்யும்.

"நீயே சிமெண்ட் போடுகிறாயே" என்று ஒரு அண்ணன் போன பதிவிலேயே கேட்டார். ஆமாம், போடுகிறேன். மண்கல்லில் 5 சதவீதம் சிமெண்ட் உண்டு. என் வீட்டில் கதவு ஜன்னலுக்கு மேல் வருகிற லிண்டல் காங்கிரீட். தளமும் காங்கிரீட்தான், ஆனால் ஃபில்லர் ஸ்லாப், கீழ்ப் பாதியில் வேலையில்லாத காங்கிரீட்டை எடுத்துவிட்டுப் பழைய ஓட்டை வைத்தது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளம் முழுக்கச் செய்து காட்டிய வேலை. அவரும் சிமெண்டைத் தொடாத சாமியார் இல்லை, தேவையில்லாத இடத்தில் போட மாட்டார், பல வீடுகளுக்குப் பூச்சே கிடையாது. நானும் சிமெண்டுக்கு எதிரி இல்லை, என் ஆபீசில் தொங்குகிற காலண்டரே ஒரு சிமெண்ட் கடை கொடுத்ததுதான். ஆனால் சுமார் 1450 டிகிரி சூட்டில் சுண்ணாம்புக்கல்லை வேகவைத்து எடுக்கிற பொருள் அது. உலகம் வெளியே விடுகிற கார்பன் டைஆக்சைடில் 7, 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது, அதில் பாதிக்கு மேல் எரிபொருளால்கூட இல்லை, அந்தக் கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. ஃபேக்டரி கூரையில் சோலார் வைத்தால் அது போகாது. அதனால்தான் சுவிட்சர்லாந்துக்காரர்களோடு சேர்ந்து நம் சென்னை, டெல்லி ஐஐடி ஆட்களும் வருடக்கணக்கில் வேலை பார்த்து எல்சி3 என்று ஒரு சிமெண்ட் கொண்டுவந்தார்கள், 2023-ல் அதற்கும் ஐஎஸ் வந்துவிட்டது. அதில் கிளிங்கர், அதாவது அப்படி வேகவைத்து எடுத்த கட்டி, பாதிதான். மீதியில் பெரும்பங்கு என்ன தெரியுமா? சுட்ட களிமண். மச்சான், உங்கள் சிமெண்ட் மூட்டைக்குள்ளேயே மண் வந்துவிட்டது, குரூப்பில் சொல்லிவிடுங்கள்.

செங்கல் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் யானை வழித்தடம் என்றுகூடப் பார்க்காமல் செம்மண்ணைத் தோண்டித் தோண்டி, 2021-ல் சூளைகளை மூடவைக்கிற அளவுக்குப் போனது. அதைப் பேச ஆரம்பித்தால் இன்னொரு பதிவு ஆகும்.

அடுத்த கமெண்ட்தான் எனக்கு வலிப்பது. "ஏசி காரில் வருகிறவனுக்கு மண் வீடு அழகு, குடிசையில் கிடப்பவனுக்கு அது அவமானம்." இதை எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டேன், நல்ல மனிதர். உண்மைதான் சார். தமிழக அரசு 2024-ல் கொண்டுவந்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் கொடுத்து 360 சதுர அடிக்குக் காங்கிரீட் வீடு கட்டச் சொன்னால், அந்தக் குடும்பத்திடம் போய் "அம்மா, மண் குளிர்ச்சி" என்று சொல்ல எனக்கு வாய் வராது. கூரை தீப்பிடித்த ராத்திரியைப் பார்த்தவர்கள் அவர்கள். எந்தத் தெருவில் மண் சுவர் இருந்தது, எந்தத் தெருவில் காரைச் சுவர் இருந்தது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் அம்மாச்சி சுவரைத் தட்டிக் காட்டியது எதற்கு என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் சார், அந்த அவமானத்தை உண்டாக்கினது மண்ணா? எனக்கு 2015-ல் வீட்டுக்கடன் தர வந்த பேங்க் மதிப்பீட்டாளர், மண்கல் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு "தற்காலிகக் கட்டடம்" என்று எழுதிவிட்டுப் போனார். ஐஎஸ் நம்பரைக் காட்டினேன். "அதெல்லாம் எங்க ஃபார்மட்ல இல்ல சார்." கடைசியில் மனைவியின் நகைதான் சுவர் ஆனது. நாலு பக்கமும் கண்ணாடியை மாட்டி, உள்ளே காலை எட்டு மணிக்கே ஏசியைப் போட்டு, வாசலில் பசுமைக் கட்டடம் என்று பித்தளைத் தகடு வைத்தால் அதே பேங்க் கோடிக்கணக்கில் கொடுக்கும். எனக்கு அந்தத் தகடு வேண்டாம், நகையைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

எங்கேயோ போய்விட்டேன். விஷயத்துக்கு வருகிறேன். மண் சுவர் மேல் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பு போடுங்கள். நேரம் ஆகும், ஒத்துக்கொள்கிறேன். செலவும் குறைவு என்று பொய் சொல்ல மாட்டேன், கூலிக்கே போய்விடும். என்னிடம் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இரண்டே பேர், இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இளம் பையன்களைக் கற்றுக்கொள்ளக் கூப்பிட்டால் "கை வெந்து போகுதுண்ணே" என்று மூன்றாம் நாள் டைல்ஸ் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அங்கே சம்பளம் அதிகம்.

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் வீடியோ மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஒரு போன். நான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிற வீட்டின் சொந்தக்காரம்மா. ஆறு மாதமாக என்னோடு சேர்ந்து மண் பார்த்து, கல் பார்த்து, ஆரோவில்வரை வந்து பார்த்தவர். சுவர் முடிந்து பூச்சுக்கு நிற்கிறது. தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, தப்பா நினைக்காதீங்க. அந்த வீடியோ பாத்ததுலேர்ந்து வீட்ல எல்லாரும் பயப்படுறாங்க. வெளிப்பக்கம் மட்டும் ஒரு கோட்டு சிமெண்ட் அடிச்சிருவோமா, ஒரு பாதுகாப்புக்கு?"

பாதுகாப்புக்கு.

ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார், முட்டி வலியோடு. சைட்டில் குழி வெட்டிச் சுண்ணாம்பு ஊறப்போட்டு இன்றோடு மூன்று வாரம். வெண்ணெய் மாதிரி வந்திருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்றுவிட்டால் அத்தனையையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று மச்சான் குரூப்பிலேயே சொல்லிவிடட்டும்.