நடிகன் எடிட்டரானால் அது இறக்கமா?

சினிமாக்காரர்களைப் பற்றி எழுதும்போது ஒரு வரி சர்வசாதாரணமாக வந்து விழும்: "நடிப்பு கைகொடுக்காததால் எடிட்டிங் பக்கம் போய்விட்டார்." என்னவோ பந்தியிலிருந்து எழுப்பிச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்ட மாதிரி. எனக்கு இந்தப் பேச்சே பிடிப்பதில்லை. சின்ன வயதில் நடித்து, பிறகு எடிட்டரான ஹாலிவுட்காரர் ராபர்ட் பாரிஷை எடுத்துக்கொள்ளுங்கள்.

1916இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோனது. அம்மா நடிகை, தங்கை ஹெலனும் நடிகை. மௌனப் படக் காலத்தில் இவரும் சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டினார். சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (1931) படத்தில் தெருமுனையில் பேப்பர் விற்கும் இரண்டு பையன்கள் குழலில் பட்டாணியை வைத்து, சாப்ளின் நடிக்கும் நாடோடி மீது ஊதுவார்களே, அதில் ஒருவர் பாரிஷ்தான்.

அந்தப் படப்பிடிப்பைப் பற்றிப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். சாப்ளின் முதலில் பையனாக நின்று பட்டாணியை ஊதுவாராம். உடனே எதிர்ப்பக்கம் ஓடி, அடிபட்ட நாடோடியாகத் துள்ளுவாராம். மறுபடி ஓடிவந்து அடுத்த பட்டாணி. எல்லா வேடத்தையும் தானே நடித்துப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல்தான் அவரவர் வேடத்தை அவரவரிடம் கொடுத்தாராம். ஊதுகிறவன், அடிபடுகிறவன், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடுவது? எடிட்டரின் பிழைப்பே இதுதானே!

அப்புறம் இயக்குநர் ஜான் ஃபோர்டின் படங்களில் எடிட்டிங் அறை வேலை. இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942 ஜூனில் பசிபிக் கடலின் மிட்வே தீவில் நடந்த சண்டையின்போது ஃபோர்டு எடுத்துவந்த காட்சிகளை 'தி பேட்டில் ஆஃப் மிட்வே' என்ற ஆவணப்படமாகத் தொகுத்தவர் பாரிஷ். வெள்ளை மாளிகையில் போட்டுக்காட்டுவதற்கு முன்னால் ஃபோர்டு ஒரு துண்டு ஃபிலிமைக் கொடுத்து, இதையும் ஒட்டு என்றாராம். இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் இடத்தில் ஒரு ராணுவ அதிகாரியின் முகம். அதிபர் ரூஸ்வெல்ட்டின் மகன்! அதிபர் பார்த்தால் படத்தை யாரும் முடக்க முடியாது என்று ஃபோர்டு கிழவருக்குத் தெரியும். தந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு முகத்தை எந்த இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

'பாடி அண்ட் சோல்' (1947) குத்துச்சண்டைப் படத்துக்காக ஃபிரான்சிஸ் லயனுடன் சேர்ந்து ஆஸ்கர் வாங்கினார். நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், ஒரு அரசியல்வாதியின் கதையான 'ஆல் தி கிங்ஸ் மென்' (1949) தான் பெரிய சங்கதி. படம் எக்கச்சக்க நீளம், எவ்வளவு வெட்டியும் அடங்கவில்லை. வெறுத்துப்போன இயக்குநர் ராபர்ட் ராஸன் பாரிஷிடம் சொன்னாராம்: ஒவ்வொரு காட்சியிலும் நடுமையம் எது என்று பார், அதற்கு முன்னால் நூறடி, பின்னால் நூறடி வைத்துக்கொள், மீதியை வெட்டி எறி, வசனம் பாதியில் அறுந்தாலும் பரவாயில்லை. நூறடி ஃபிலிம் என்றால் திரையில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். வந்து சேர்ந்தது 109 நிமிடப் படம், சிறந்த படத்துக்கான ஆஸ்கரோடு. காட்சிகள் பாதிப் பேச்சில் தொடங்கிப் பாதியில் ஓடுவது அந்த அரசியல்வாதியின் அவசரத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. முரட்டு வைத்தியம்தான். ஆனால் நடுமையம் எது என்று அடியளவு சொல்லாது. நடிப்பில் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்த கண் வேண்டும்.

பிற்பாடு இயக்குநரும் ஆனார். அதில் எனக்குப் பெரிய மயக்கம் இல்லை. 'தி வொண்டர்ஃபுல் கன்ட்ரி' (1959) தேறும். பல இயக்குநர்கள் கைவைத்த 1967 'கேசினோ ராயல்' பற்றிப் பேசாமலிருப்பது அவருக்கு நல்லது.

பார்க்க விரும்புகிறவர்கள் 'தி பேட்டில் ஆஃப் மிட்வே'யில் தொடங்குங்கள். 18 நிமிடம்தான், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.