1930-இல் ஐரோப்பா வரவே இல்லையா?

1930-இல் உருகுவேயில் நடந்த கால்பந்து உலகக்கோப்பை பற்றி, "முதல் உலகக்கோப்பைக்கு ஐரோப்பிய அணி ஒன்றுகூட வரவில்லை, உருகுவே சும்மா தூக்கிக்கொண்டு போனது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது பாதி உண்மைகூட இல்லை. இங்கிலாந்து, இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின் போன்ற பெரிய தலைகள் வராதது நிஜம். பயணச் செலவை உருகுவே ஏற்பதாகச் சொல்லியும், வாரக்கணக்கில் கப்பலில் போய்வர அவர்கள் தயாராக இல்லை.

ஆனால் பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா, யூகோஸ்லாவியா வந்தன. முதல் மூன்றும் 'கான்தே வெர்தே' கப்பலில் ஒன்றாகவே வந்தன. ஃபிஃபா தலைவர் ஜூல் ரிமே கோப்பையோடு அதே கப்பலில்தான் இருந்தார். வழியில் ரியோவில் பிரேசில் அணியும் ஏறிக்கொண்டது. உலகக்கோப்பையின் முதல் கோலை அடித்ததே ஒரு பிரெஞ்சுக்காரர், லூசியன் லோரான், ஜூலை 13 அன்று மெக்சிகோவுக்கு எதிராக. யூகோஸ்லாவியா பிரேசிலை 2-1 என்று வென்று அரையிறுதிவரை போனது. அங்கே உருகுவேயிடம் 6-1 என்று அடி வாங்கியது வேறு கதை.

"சும்மா" என்பதுதான் இன்னும் உதைக்கிறது. 1924 பாரிஸ், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் கால்பந்துத் தங்கம் இரண்டும் உருகுவேயுடையவை. இரண்டுமே ஐரோப்பிய மண்ணில்! 1930 இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவிடம் இடைவேளையில் 1-2 என்று பின்தங்கி, அப்புறம் 4-2 என்று ஜெயித்தார்கள்.