படர்தாமரைக்கு மருந்து நம் மலை இலைக்குள்ளேயே இருக்கலாம்

பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ மருந்துக் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "அண்ணா, படர்தாமரைக்கு ஒரு டியூப் குடுங்க" என்று யாராவது கேட்டு வருவார்கள். பல நேரம் கைக்கு வருவது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பெட்டியில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று போட்டிருந்தால் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். அரிப்பு சட்டென்று அடங்கும், படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை அடங்காது. தோலின் எதிர்ப்பை ஸ்டீராய்டு அமுக்கிவிடுவதால் இடுப்பு, தொடை என்று பரவும். போதாக்குறைக்கு, படர்தாமரைக்கு வழக்கமாகத் தரும் டெர்பினாஃபின் மருந்துக்கே மசியாத டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை நாடு முழுக்கப் பரவிக்கிடக்கிறது.

புது மருந்து வேண்டும். அதைத் தேட நல்ல இடம் இலையின் உள்பக்கம்.

நோய் எதுவும் தெரியாத பச்சை இலைக்குள்ளும் பூஞ்சைகள் குடியிருக்கின்றன. அவற்றில் சில, தம் இடத்துக்குப் போட்டிக்கு வரும் வேறு பூஞ்சைகளை வேதிப்பொருள் சுரந்து தடுக்கின்றன. சீன மருத்துவத்தில் வழங்கும் ஒரு கொடிக்குள் இருந்த பூஞ்சையிலிருந்து கிரிப்டோகாண்டின் என்ற பொருளைப் பிரித்து 1999இல் அறிவித்தார்கள். படர்தாமரை உண்டாக்கும் டிரைக்கோஃபைட்டான் வகைகளை அது ஆய்வகத்தில் தடுத்தது.

இந்தத் தேடலின் முதல் படிக்குப் பெரிய செலவு கிடையாது. இலையை ஆல்கஹாலிலும் பிளீச்சிங் கரைசலிலும் கழுவி, மேலே ஒட்டியதைக் கொன்றுவிட்டு, சிறு துண்டுகளாக அகார் தட்டில் (பூஞ்சை வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டில்) வைக்க வேண்டும். சில நாளில் வெட்டிய ஓரத்திலிருந்து பஞ்சு மாதிரி நூல் நூலாகக் கிளம்பும். அதைப் படர்தாமரைப் பூஞ்சைக்கு எதிரே வளர்த்தால், வேலை செய்யும் பூஞ்சை எது என்பதை நடுவில் விழும் வெற்று இடமே காட்டிவிடும்.

அப்புறம் தான் நீண்ட வேலை. தட்டில் பூஞ்சையைக் கொல்வது நம் தோலையும் புண்ணாக்கலாம், ஈரலையும் கெடுக்கலாம். கிரிசியோஃபுல்வின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து 1939இல் பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து கிடைத்தது. படர்தாமரைக்கு மாத்திரையாக உதவும் என்று விலங்குச் சோதனையில் தெரிந்ததே 1958இல்தான். அதனால் 'இயற்கை' என்று சொல்லி யாராவது எதையாவது அரைத்துக் கொடுத்தால் பூசிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் தேடலை இங்கே தொடங்கலாமே! தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நோயாளிகள் வருகிறார்கள். வத்தல்மலை, தீர்த்தமலை, அஞ்செட்டிக் காடு எல்லாம் பக்கத்திலேயே. படர்தாமரைக்கு ஊரில் அரைத்துப் பூசும் சீமை அகத்தியிலிருந்தே ஆரம்பிக்கலாம். மருத்துவக் கல்லூரி பூஞ்சை மாதிரியைத் தரட்டும், கலைக் கல்லூரித் தாவரவியல் மாணவர்கள் இலையைக் கொண்டுவரட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்ட ஆட்சியர்களும் மனது வைத்து, இதற்கு ஒரு சிறு ஆய்வு நிதியாவது வாங்கித் தர வேண்டும்.