ஆளில்லாத ஊரில் கரைவலை இழுப்பது யார்?

தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயப் பீடத்தில் செருப்புக் காலோடு ஏறி நின்று, “மனிதர்களே இல்லாத பேய் நகரம்” என்று ஒருவர் முழங்கும் காணொளியை எனக்கு இனி யாரும் அனுப்ப வேண்டாம், பார்த்துவிட்டேன். அவர் கடற்கரைக்கு வந்து பேசும் இடத்தில், முதுகுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கரைவலை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள்தாம் பேய்கள் போலும்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தது, ரயில் வந்தது, இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் போனது, 1964 டிசம்பர் 22 இரவு புயலில் நூறு பேருக்கு மேல் இருந்த ரயிலையே கடல் கொண்டுபோனது. இதையெல்லாம் அவர் சரியாகவே சொல்கிறார். ஆனால் கல்லால் கட்டியவற்றுக்குத்தான் இடிபாடு மிஞ்சும். ரயில் நிலையமும் தேவாலயமும் சுவர்களாக நிற்கின்றன. மீனவர்களின் ஓலைக் குடிசைகளுக்கு ஒரு குச்சிகூட மிஞ்சவில்லை. சுவர் இல்லாததால் அவர்கள் வரலாற்றிலும் இல்லையா?

“வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவித்ததே” என்பீர்கள். அறிவித்தது. வாழத் தகுதியற்ற இடமும் யாரும் வாழாத இடமும் ஒன்றல்ல. தண்டவாளம் திரும்பவில்லை, மீனவர்கள் திரும்பினார்கள். 2017-இல் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை சாலை திறக்கும்வரை மணலில் தட்டுத்தடுமாறித்தான் போய்வந்தார்கள். சுற்றுலாவால் அவர்களுக்கு நாலு காசு கிடைக்கிறது என்பதை மறுக்கவில்லை. அதற்காகப் பேய் என்ற பெயரையும் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு அக்கா, ஆண்கடலுக்கு, அதாவது அலை அதிகமுள்ள மன்னார் வளைகுடாப் பக்கக் கடலுக்கு, சில அடி தள்ளி மணலைக் கையால் தோண்டி, ஊறிய தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு எனக்குக் கொடுத்தார். உப்பே இல்லை. என் அம்மாச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த அந்த ஊற்றுத் தண்ணீரை நான் கதை என்றே நினைத்திருந்தேன். மார்கழியில் காற்று திரும்பினால் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் அவரையும் நாங்கள் கேலிதான் செய்தோம். ஆகவே யாரையோ திட்டுவதாக நினைக்க வேண்டாம்.

நேற்று என் தம்பி மகன், “அங்கே நிஜமாகவே பேய் இருக்கா அத்தை?” என்று கேட்டான். உன் அப்பாவின் அம்மாச்சி பிறந்த வீடு அந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது என்றேன். அவன் காணொளியை மறுபடி ஓடவிட்டு, வீட்டைத் தேட ஆரம்பித்தான்.