வள்ளத்தில் இருந்தாலே குற்றமா?

சுங்க வழக்கில் நிரூபிக்கும் பொறுப்பு பொருள் வைத்திருந்தவருக்கே என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. திருகோணமலைக் கரையில் இருக்கும் என்னால் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. இலங்கையின் 1869ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டப்படி, கைப்பற்றிய பொருளுக்குத் தீர்வை கட்டியதை உரிமை கோருபவர்தான் காட்டவேண்டும். வியாபாரியிடம் பில் இருக்கும், சரி. கூலிக்கு வள்ளம் ஓட்டுபவரிடம் என்ன இருக்கும்? மூட்டைக்குள் கடத்தல் பீடி இலை என்று அவருக்கு யார் சொன்னது? அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை, குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரையும் நிரபராதி என்றே ஊகிக்கச் சொல்கிறது. குறித்த சில விடயங்களை நிரூபிக்கும் பொறுப்பை மட்டும் குற்றஞ்சாட்டப்பட்டவர்மேல் சுமத்த இடம் தருகிறது. 1988இல் சலாபியாக்கு வழக்கில் கடத்தல் பொருளை வைத்திருப்பவரே அதற்குப் பொறுப்பு என்ற பிரான்சின் சுங்க ஊகத்தை ஏற்றுக்கொண்ட ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும், இப்படியான ஊகங்களுக்கு நியாயமான எல்லை வேண்டும் என்றது. பொருளைப் பறிமுதல் செய்யட்டும். ஆளைச் சிறைக்கு அனுப்புவதென்றால், விடயம் தெரிந்தே ஏற்றினார் என்பதை அரச தரப்பு நிரூபிக்கவேண்டும்.